எனலாம் என்று முடியும் வாக்கியங்கள்

போன மே விடுமுறையில் பரண் ஒழித்தபோது என் எம்.ஃபில். ஆய்வேடு கையில் அகப்பட்டது. கறுப்பு ரெக்சின் அட்டை, மங்கிப்போன தங்க எழுத்து, 132 பக்கம். பாமாவின் ‘கருக்கு’ பற்றி 2002இல் எழுதிக் கொடுத்தது. மூன்றாம் இயலுக்கு ‘உள்ளக் குமுறலின் வெளிப்பாடு’ என்று தலைப்பு வைத்திருக்கிறேன். தூசியோடு தரையில் உட்கார்ந்து அந்த இயலை முழுக்கப் படித்தேன். ஒரு பக்கத்தில் மட்டும் ஏழு ‘எனலாம்’. வேதனையின் பதிவு எனலாம், குமுறலின் உச்சம் எனலாம், ஒடுக்கப்பட்டோரின் குரல் எனலாம்.

தமிழ்த்துறையில் படித்தவர்களுக்கு இந்தச் சொல் தெரியும். இதைப் பழகாமல் யாரும் ஆய்வேடு எழுதி முடிப்பதில்லை. யார் என்கிறார்கள் என்று கேட்டால் பதில் கிடையாது. நான் சொல்கிறேன் என்றும் இல்லை, இன்னார் சொன்னார் என்றும் இல்லை. எனக்கு நெறியாளராக இருந்தவர், ஆய்வேட்டில் ‘நான்’ வரக்கூடாது, ‘ஆய்வாளர்’ என்றுதான் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார். முதல் வரைவில் இருந்த ஐந்தாறு ‘நான்’களையும் சிவப்பு மையால் சுழித்துத் தந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் யாரோ அப்படித்தான் சுழித்துத் தந்திருப்பார்கள். இருந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 132 பக்கம் எழுதி முடித்த பிறகும் ‘கருக்கு’ பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. எழுதினால் சிந்தனை தெளியும் என்று என் மாணவிகளிடம் வருடா வருடம் சொல்கிறேன். என் ஆய்வேடே அதற்கு எதிர்ச்சாட்சியாகப் பரணில் இருந்திருக்கிறது.

அந்த இயலின் தலைப்பு எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். நானாகக் கண்டுபிடித்தது அல்ல. அன்றைக்குப் பெண்கள் எழுதியதைப் பற்றி யார் பேசினாலும் கையில் தயாராக இருந்த சொற்கள் அவை: குமுறல், கொந்தளிப்பு, பீறிடல், கொட்டித் தீர்த்தல். எல்லாமே அடுப்பில் இருக்கும் பானைக்கோ எரிமலைக்கோ பழுத்த கட்டிக்கோ பொருந்தும் சொற்கள். ஆண் எழுதினால் பார்வை, தேடல், தரிசனம். பெண் எழுதினால் உள்ளே இருந்தது வெளியே வந்துவிட்டது. தலித் பெண் எழுதினால் இன்னும் வசதி. அவள் ‘அனுபவத்தை அப்படியே’ தந்துவிடுகிறாள், யோசிக்கும் வேலையை வாசிப்பவர் பார்த்துக்கொள்ளலாம். பாராட்டுப் போலவே இருப்பதால் இதை யாரும் மறுப்பதில்லை. நானும் மறுக்கவில்லை. ஒரு இயலே எழுதினேன்.

சல்மாவைப் பற்றிப் பேசும் கூட்டங்களிலும் இதே கதைதான். பருவம் எய்தியதும் பள்ளியை நிறுத்தியது, கல்யாணத்துக்குப் பிறகு இரவில் கழிவறையில் நின்றுகொண்டு எழுதியது, தாள்களை ஒளித்து வெளியே அனுப்பியது. எல்லாம் உண்மை. ஆனால் அரைமணிப் பேச்சில் இருபத்தைந்து நிமிடம் கழிவறைக்குப் போய்விடுகிறது. அங்கே நின்றுகொண்டு அவர் ஒரு சொல்லை அடித்து வேறொரு சொல்லைப் போட்டிருப்பாரே, ஏன் போட்டார் என்று கேட்க ஆளில்லை.

பரணில் கிடைத்ததை வைத்துவிட்டுக் ‘கருக்கை’ எடுத்து மறுபடி படித்தேன். 1992இல் வந்த புத்தகம். துறவற சபையிலிருந்து பாமா வெளியேறியதும் அதே ஆண்டுதான். கையில் வேலை இல்லை, சேமிப்பு இல்லை, இருந்த ஓர் இடமும் போயிற்று. அந்த நிலையில் எழுதத் தொடங்கியவர் சபையின் மீதான கோபத்திலிருந்து தொடங்கியிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். புத்தகம் அங்கே தொடங்கவில்லை. ஊரின் அழகில், சுற்றியிருக்கும் மலைகளின் பெயர்களில், எந்தத் தெரு எங்கே இருக்கிறது என்பதில், மனிதர்களுக்கு வைத்த பட்டப்பெயர்களில் தொடங்குகிறது. முதலில் நிற்கும் இடத்தைப் பார்த்துக்கொள்கிறார். குமுறுகிறவர் செய்கிற காரியமா இது?

வடைப் பொட்டலம் வரும் பகுதியை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். நானும் காட்டியிருந்தேன், ‘தீண்டாமைக் கொடுமை’ என்ற உட்தலைப்பில். மூன்றாம் வகுப்புப் படிக்கும் சிறுமி பள்ளி விட்டு வீட்டுக்கு வருகிறாள். பத்து நிமிடத்தில் வந்துவிடக்கூடிய தூரம். வழியில் இருக்கும் வேடிக்கையெல்லாம் பார்த்து வருவதால் அரைமணி, ஒரு மணி ஆகிவிடும். குரங்காட்டி, பாம்பாட்டி, கடைத்தெரு என்று அந்த வேடிக்கைகளின் பட்டியலே பக்கக் கணக்கில் நீள்கிறது. அந்தப் பட்டியலின் கடைசியில் களம் வருகிறது. நாயக்கர் கல்லின் மேல் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கிறார். இவள் தெருக்காரர்கள் மாடு கட்டிப் போரடிக்கிறார்கள். அவள் தெருவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் கடைத்தெருவிலிருந்து பலகாரப் பொட்டலம் ஒன்றைக் கையில் படாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து, குனிந்து நாயக்கரிடம் நீட்டுகிறார். பார்த்த சிறுமிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவ்வளவு பெரிய ஆள் அவ்வளவு சின்னப் பொட்டலத்தை அப்படிப் பிடித்திருப்பது அவளுக்குக் கோமாளிக்கூத்தாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் அதே சிரிப்போடு சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. ஏன் நூலைப் பிடித்தார் என்பதைச் சொல்கிறார். அதன் பிறகுதான் கோபம்.

இந்த முறை படித்தபோது என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தச் சிரிப்பு. எழுதும்போது பாமாவுக்கு முப்பது வயது கடந்துவிட்டது. பொட்டலத்தின் அர்த்தம் தெரியும். அந்த அர்த்தத்தோடு கல்லூரி, வேலை, மடம் என்று இருபது வருடத்துக்கு மேல் வாழ்ந்திருக்கிறார். தெரிந்ததைக் கொட்டுவதாயிருந்தால் சிரிப்பை விட்டுவிட்டிருக்கலாம். தன் தெருப் பெரியவரைப் பார்த்துத் தான் சிரித்தோம் என்பது சொல்வதற்குச் சுகமான விஷயமா? அவர் அதை விடவில்லை. அதோடு, அந்தக் காட்சியை வேடிக்கைப் பட்டியலின் கடைசி வேடிக்கையாகக் கொண்டுபோய் வைத்திருக்கிறார். குரங்கு, பாம்பு, அடுத்து இந்த ஆள். வாசிப்பவரும் சிறுமியோடு சேர்ந்து பாதி சிரித்துவிடுகிறார், பிறகுதான் மாட்டிக்கொள்கிறார். தெரியாமல் இருந்தது எப்படி, தெரிந்தது எந்த இடத்தில் என்று ஒருவர் தன் மனத்தைப் படிப்படியாகப் பிரித்துப் பார்த்த பிறகே இந்த வரிசை கிடைக்கும். இதற்குத்தான் ‘குமுறல்’ என்று தலைப்பு வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் என் ஆய்வேட்டில் குறையாகப் பதிவாகியிருக்கிறது: ‘நிகழ்வுகள் காலவரிசையில் அமையவில்லை, கூறியது கூறல் மிகுதி.’ உண்மைதான். மடத்தில் சேர்ந்ததும் வெளியேறியதும் புத்தகத்தில் ஒரு தடவையோடு நிற்பதில்லை. வேலையைப் பற்றிச் சொல்லும்போது ஒரு கோணத்திலும், படிப்பைப் பற்றிச் சொல்லும்போது வேறு கோணத்திலும், கோயிலையும் பக்தியையும் பற்றிச் சொல்லும்போது இன்னொரு கோணத்திலும் அதே முடிவுக்குத் திரும்பத் திரும்ப வருகிறார். நன்னூல் சொல்லும் குற்றங்களில் கூறியது கூறலும் ஒன்று என்பதால் நான் மதிப்பெண் குறைத்திருக்கிறேன். இப்போது பார்த்தால், ஏழைப் பிள்ளைகளுக்குச் சேவை செய்யப் போகிறேன் என்று சேர்ந்த இடத்தில் ஏன் இருக்க முடியாமல் போனது என்ற கேள்விக்கு அவரிடமே ஒரே பதில் இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரு பதிலை எழுதிப் பார்க்கிறார். அது போதாமல் இருக்கிறது. அடுத்த இயலில் வேறு பக்கத்திலிருந்து வருகிறார். விடை தெரிந்தவருக்கு ஒரு முறை எழுதினால் போதுமே!

மொழியும் இதில் சேரும். ‘கருக்கு’ வந்த காலத்தில் அதன் பேச்சுத்தமிழைக் கொச்சை என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. பின்னால் அதையே ‘மண்மணம்’ என்று பாராட்டினார்கள். இரண்டிலும் எனக்கு ஒப்புதல் இல்லை. தெருவில் நடந்ததைத் தெருவின் வினைச்சொற்களில் யோசிக்காமல், ‘தீண்டாமை நிலவியது’ என்று யோசித்திருந்தால் அந்த நூலும் பொட்டலமும் வந்திருக்காது. ‘நிலவியது’ என்ற சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். நிலவுவது காற்று, அமைதி. தீண்டாமையை யாரோ ஒருவர் ஏதோ ஒரு கையால் செய்தாக வேண்டும்.

இதையெல்லாம் நானாகவே கண்டுகொண்டதாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான். நடந்தது வேறு. ஜூலையில் இளங்கலை இரண்டாமாண்டு வகுப்பில் இந்தப் பகுதியை நடத்திக்கொண்டிருந்தேன். உரைநூலைப் பார்க்காமல் உங்களுக்குத் தோன்றுவதை ஒரு பக்கம் எழுதி வாருங்கள் என்றேன். வழக்கம்போலப் பாதிப்பேர் உரைநூலையே எழுதி வந்தார்கள். ஒரு மாணவி எதுவும் எழுதாமல் வந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, “அம்மா, நான் எழுதிருவேன். நீங்களும் எழுதுவீங்களா?” என்றாள். புரியாமல் பார்த்தேன். “சின்ன வயசுல நீங்க எந்தப் பக்கம் இருந்தீங்க? பொட்டலம் பிடிச்சவுங்க பக்கமா, கல்லு மேல உக்காந்திருந்தவுங்க பக்கமா?” வகுப்பில் சத்தமே இல்லை. துடுக்குத்தனமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். சரி, எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் பாத்திரங்களை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தேன். எங்கள் ஊர் கரிசல்காடு. பருத்தி எடுப்புக்குப் பெண்கள் வருவார்கள். முதல் வாக்கியம் சரளமாக வந்தது: ‘எங்கள் வீட்டில் வேலைக்கு வருபவர்களுக்குத் தனிக் குவளை வைக்கப்பட்டிருந்தது.’ எழுதி முடித்ததும் சிவப்பு மையால் சுழிக்க வேண்டும் போல இருந்தது. வைக்கப்பட்டிருந்ததாம். செயப்பாட்டு வினை. யார் வைத்தது? அடித்துவிட்டு எழுதினேன்: ‘அப்பத்தா தனிக் குவளை வைத்திருந்தாள்.’ இது தேவலை. எழுவாய் இருக்கிறது. ஆனால் அந்த எழுவாய் செத்துப் பதினெட்டு வருடம் ஆகிறது. போனவள் மேல் போட்டுவிட்டுப் போவதில் எனக்கு என்ன சிரமம்? கொஞ்ச நேரம் பேனாவை வைத்துவிட்டுத் தயிருக்கு உறை ஊற்றினேன். பால் பாத்திரத்தைத் தூக்கிச் சாய்த்தபோது கை ஒன்றைச் சொன்னது.

குவளை என்பதே பொய். எங்கள் வீட்டில் குவளை கிடையாது. கொல்லைப்புறத் திண்டில் நின்று சொம்பிலிருந்து ஊற்றுவோம், அவர்கள் கீழே நின்று இரண்டு கையும் சேர்த்து ஏந்திக் குடிப்பார்கள். தனிக் குவளை என்பது நான் புத்தகங்களில் படித்தது; டீக்கடைகளைப் பற்றிய அறிக்கைகளில் வருவது. என் நினைவின் மேலேயே படித்ததை ஒட்டிவைத்து இத்தனை வருடம் அதைத்தான் நினைவென்று நம்பியிருக்கிறேன். மூன்றாவது வாக்கியத்தை எழுத வெகுநேரமாயிற்று. ‘நான் ஊற்றினேன்.’

அதை எழுதிய பிறகு மற்றவை வந்தன. எனக்கு அப்போது எட்டு வயதோ ஒன்பதோ. அப்பத்தாவுக்கு முட்டிவலி என்பதால் மத்தியானம் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. சொம்பை எவ்வளவு உயரத்தில் பிடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ரொம்ப மேலே பிடித்தால் சிதறும். கீழே பிடித்தால் அப்பத்தா உள்ளே இருந்தே ஒரு சத்தம் கொடுப்பாள். அந்த உயரத்தை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. சிந்தாமல் ஊற்றுவதில் எனக்குப் பெருமை இருந்தது. குடிக்கிற பெண்களில் ஒருத்தர், “நம்ம பாப்பா சிந்தாம ஊத்தும்” என்று என்னைப் பாராட்டுவார். அதற்காகவே நான் மத்தியானத்துக்குக் காத்திருந்திருக்கிறேன். பாமாவின் சிறுமி சிரித்தாள். நான் பெருமைப்பட்டேன். எனக்கு எடுத்துச் சொல்ல அண்ணன் யாரும் வரவில்லை. வந்திருந்தாலும் எங்கள் வீட்டு அண்ணன்மார் வேறு எதையோதான் சொல்லியிருப்பார்கள்.

2002இல் எனக்கு இது தெரியாதா? தெரியும், தெரியாது, இரண்டும்தான். கேட்டிருந்தால் ‘எங்க வீட்லயும் அதெல்லாம் உண்டு’ என்று பொதுவாகச் சொல்லியிருப்பேன். கூட்டங்களில் சொல்லியும் இருக்கிறேன், கைதட்டும் வாங்கியிருக்கிறேன். அந்த ‘உண்டு’ என்பதும் எனலாம் வகைதான். சொம்பின் உயரம் அதற்குள் இல்லை. அது மூன்றாவது வாக்கியத்துக்குப் பிறகுதான் வந்தது. மனத்தில் முழுசாக இருந்ததை எடுத்துத் தாளில் வைத்தேன் என்று என்னால் சொல்ல முடியாது. எழுவாயை மாற்றினேன். மாற்றிய எழுவாய்க்கு ஏற்றபடி வினை வந்தது. வினை வந்ததும் கை வந்தது.

எழுதியதும் மனம் லேசாகிவிடும் என்று வார இதழ்களின் ஆலோசனைப் பகுதியில் சொல்வார்கள். எனக்கு ஆகவில்லை. பாமாவுக்கும் அவ்வளவு எளிதாக இருந்திருக்காது. புத்தகம் வந்த புதிதில் அவர் ஊரிலேயே அவர் மேல் கோபம் இருந்ததை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

ஒரு முறை எழுதியதோடு தெளிந்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. இதற்கு எனக்குத் தெரிந்த நேர்மையான சாட்சி சிவகாமி. 1989இல் ‘பழையன கழிதலும்’ நாவலை எழுதினார். ஆதிக்க சாதியினரால் அடிபட்டு வந்து நிற்கும் தங்கம், அவளுக்காகப் பேசும் தலித் தலைவர் காத்தமுத்து, அவருடைய இரண்டு மனைவியர், அப்பாவை மன்னிக்காத மகள் கௌரி. தலித் தலைமையையே குறை சொல்வதா என்று கேள்விகள் வந்தன. பல வருடம் கழித்து அதற்கு ‘ஆசிரியர் குறிப்பு’ என்று இன்னொரு புத்தகம் எழுதினார். விளக்கவுரையாக இருக்கும் என்று நினைத்துத் திறப்பவர்களுக்கு ஏமாற்றம்தான். நாவலாசிரியையே அதில் ஒரு பாத்திரம். ஏன் அப்படி எழுதினேன், எதை விட்டுவிட்டேன், அப்பாவை அளந்த கோலால் என்னை அளந்தேனா என்று தன் முதல் நாவலையே குறுக்கு விசாரணை செய்கிறார். பிறகு இரண்டையும் தாமே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 2006இல் ஒரே நூலாக வெளியிட்டார். தமிழில் எந்தப் பெரிய ஆண் நாவலாசிரியர் தன் புகழ்பெற்ற புத்தகத்துக்கு இப்படி ஒரு வேலை செய்தார் என்று யோசித்துப் பார்த்தேன். சட்டென்று ஒரு பெயரும் வரவில்லை. இருந்தும் தன் எழுத்தையே விசாரிக்கும் எழுத்து என்று நம் வகுப்பறைகளில் பேச்சு வந்தால் ‘ஆசிரியர் குறிப்பு’ பாடத்தில் வருவதில்லை. முதல் நாவல் வருகிறது, ‘முதல் தலித் பெண் நாவல்’ என்ற ஒரு மதிப்பெண் வினாவாக.

என் ஆய்வேட்டுக்கும் ஓர் ஆசிரியர் குறிப்பு எழுதலாம் என்ற எண்ணத்தில்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன். மூன்றாம் இயலின் தலைப்பை மாற்ற வேண்டும் என்பது வரைக்கும் தெரிகிறது. என்னவென்று மாற்றுவது என்று நாலைந்து எழுதிப் பார்த்தேன். எல்லாமே தலைப்பு மாதிரிதான் இருக்கின்றன.

எழுதிய பக்கத்தை மறுவாரம் அந்த மாணவியிடம் கொடுத்தேன். தன் பக்கத்தை என்னிடம் கொடுத்தாள். அவள் எழுதியது அவளுடையது, அதைப் பற்றி இங்கே சொல்ல எனக்கு உரிமையில்லை. என்னுடையதைப் படித்துவிட்டு ஒற்றுப்பிழை ஒன்றைச் சுட்டினாள். சரிதான். பிறகு கேட்டாள்: “அம்மா, பாராட்டுனாங்கன்னு எழுதியிருக்கீங்களே, அவுங்க பேரு என்ன?”

அன்றைக்குச் சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்தேன். பருத்தி எடுக்க வருவார்களே, உயரமாக, வெற்றிலை போட்டிருப்பார், நான் தண்ணீர் ஊற்றினால் பாராட்டுவார் என்றெல்லாம் அடையாளம் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். “அவளா? அவ மக கூட உன் வயசுதான். திண்டுக்குக் கீழதான் நிப்பா, அவளும் உன்கிட்ட வாங்கிக் குடிப்பாளே” என்றாள். பெயர் அம்மாவுக்கும் ஞாபகம் வரவில்லை. அந்தப் பெண்ணைப் பற்றி நான் எழுதியிருக்கவே இல்லை. என் வயதில் ஒருத்தி அங்கே நின்றது இப்போது வரைக்கும் எனக்கு நினைவில்லை. “எதுக்கு இப்ப இதெல்லாம் கேக்குற?” என்றாள் அம்மா. எழுதுறதுக்கு என்றேன். “இதையெல்லாமா எழுதுவாங்க?” என்று கேட்டுவிட்டு, பின்கட்டில் யாரோ கூப்பிடுவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.